படிக்க ஒரு கதிரை, பசிக்கு ஒரு மரக்கறிச் சாப்பாடு: கொழும்பில் இது ஏன் இன்னும் அமையவில்லை?

கொழும்பில் ஏ.எல். (பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சை) எடுக்கும் ஒரு பிள்ளைக்குப் பாடப்புத்தகம் கிடைக்கும், கடந்தகால வினாத்தாள் கிடைக்கும், டியூஷன் வகுப்பு வேண்டியதற்கு மேலாகவே கிடைக்கும். கிடைக்காமல் இருப்பவை இரண்டு. பின்னேரம் 5 மணியிலிருந்து இரவு 9 மணிவரை யாரும் எழுப்பிவிடாத ஒரு கதிரை. கையில் இருக்கும் காசுக்குள் அடங்கும் ஒரு நேரச் சாப்பாடு.

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி பக்கத்துத் தோட்டங்களில், அதாவது நெருக்கமான சிறு வீட்டுத் தொகுதிகளில், ஒரே அறையில் நான்கைந்து பேர் இருப்பது சாதாரணம். தொலைக்காட்சி ஓடும், தங்கை பாடம் சொல்லிக்கொண்டிருப்பாள், அம்மா அதே அறையின் மூலையில் சமைப்பார். தோட்டத்திலிருந்து புது அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுக்கும் கிடைத்தது சுமார் 400 சதுர அடிதான். லிஃப்ட் வந்தது, தண்ணீர்க் குழாய் வந்தது, படிக்கும் அறை வரவில்லை. மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் வந்து வெள்ளவத்தைப் போடிங்குகளில் (வாடகைத் தங்குமிடங்களில்) நிற்கும் பிள்ளைகளுக்குக் கட்டில் உண்டு, மேசை பல இடங்களில் இல்லை. கட்டிலில் சாய்ந்தபடி கணக்குச் செய்து நித்திரையாகிப் போவது அவர்கள் எல்லோருக்கும் பழகிய விஷயம்.

இதை வெறும் வசதிக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. மாவட்டக் கோட்டா ஏழைப் பிள்ளைக்குக் கைகொடுக்கும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கொழும்பில் அது நேர்மாறாக நடக்கிறது. தனியறையும் குளிரூட்டியும் வீட்டுக்கே வரும் ஆசிரியரும் உள்ள பிள்ளையும், கொட்டாஞ்சேனைத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கில்தான் மோதுகிறார்கள். கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி நாட்டிலேயே உயர்ந்த வரிசையில் நிற்பதால், அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் சலுகை இல்லை. இரவில் படிக்கக் கிடைக்கும் இரண்டு மணித்தியாலம் கூடவா குறையவா என்பதே அங்கே புள்ளியாக விழுகிறது.

இப்போது இந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? 1925இல் தொடங்கிய கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. நல்ல இடம், பழைய மாணவர் தலைமுறைகள் பலவற்றை அது தாங்கியிருக்கிறது. ஆனால் அது பகல் நேரத்து இடம். வெள்ளவத்தையில் 1942இல் உருவான கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். அங்கே இடம்பிடிக்கப் பரீட்சைக் காலத்தில் போட்டி. மற்றபடி பாடசாலை நண்பனின் வீடு, துரித உணவுக் கடையின் மேல்மாடி, இல்லாவிட்டால் வசதியானவர்கள் வாழும் கொழும்பு 7 பக்கத்துக் கஃபே. அந்தக் கஃபேயில் ஒரு கப்புச்சினோவின் விலைக்குச் சைவக் கடையில் கிட்டத்தட்ட இரண்டு மத்தியானப் பார்சல் வாங்கலாம். அதற்கு மேல் 10 வீதச் சேவைக் கட்டணம். 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் 18 வீதம். மூன்று நாள் போனால் மாதத்துப் பஸ் காசு முடிந்துவிடும்.

கிழக்கு ஆசியாவில் இதே பிரச்சினைக்கு வேறு விடைகள் வந்திருக்கின்றன. தென்கொரியாவில் ஸ்டடி கஃபே என்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. மணிக்கணக்குக்குக் காசு கட்டினால் ஒரு மேசை, ஒரு விளக்கு, போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக், முழு அமைதி. சியோலில் நோர்யாங்ஜின் என்ற பகுதி அரச உத்தியோகப் பரீட்சைக்குப் படிப்பவர்களால் பெயர்பெற்றது. அங்கே தெருவோரத்தில் ஒரு கோப்பைச் சோற்றை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படிக்கப் போவார்கள். தாய்வானில் மலிவான மரக்கறி பஃபே கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. தட்டில் எடுத்ததை நிறுத்து அந்த எடைக்குக் காசு வாங்கும் கடைகள் நிறைய. அவற்றை நடத்துவோரிலும் அங்கே சாப்பிடுவோரிலும் பௌத்தர்கள் பலர். அந்நாட்டின் பெரிய பௌத்த அமைப்பான ஃபோ குவாங் ஷான் தன் விகாரைகளோடு சேர்த்து, நீர்த்துளி என்று பொருள்படும் பெயரில் மரக்கறித் தேநீரகங்களை நடத்துகிறது. படிப்பு மேசையும் பௌத்த மரக்கறிச் சமையலும் ஒரே கூரைக்குக் கீழ் சேர்ந்தால் மாணவருக்கு எவ்வளவு உதவி என்ற யோசனை இந்தச் சூழலில்தான் இயல்பாகப் பிறக்கிறது.

சரி, அந்த யோசனையை அப்படியே கொண்டுவந்து காலி வீதியில் ஒரு கடை எடுத்துத் தொடங்கலாமே? தொடங்கினால் ஆறு மாதம் தாங்காது என்பதே என் எண்ணம். காரணம் சாப்பாட்டில் இல்லை, கதிரையில் இருக்கிறது.

ஒரு சைவக் கடையில் மத்தியான நேரத்தில் ஒருவர் சாப்பிட்டு எழும்ப 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கதிரையில் மணித்தியாலத்துக்கு 3 பேர், 4 மணித்தியாலத்தில் 12 பேர். அதே கதிரையில் ஒரு மாணவி ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் வாங்கிக்கொண்டு 4 மணித்தியாலம் இருந்தால், முதலாளி 11 பேரின் வியாபாரத்தை விடுகிறார். அவர் கெட்டவராக இருந்து அவளை எழுப்பவில்லை. காலி வீதியில் வாடகை அப்படி. சமையல்காரரின் சம்பளமும் காஸ் சிலிண்டரின் விலையும் அப்படி. பருப்பும் சோறும் எவ்வளவு மலிவாகச் சமைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சாப்பாட்டின் விலையில் 50 ரூபாய் குறைப்பது கடைக்காரரால் முடிந்த காரியம். ஒரு கதிரையை நான்கு மணித்தியாலம் சும்மா கொடுப்பதற்கு வாடகை கட்டும் எவராலும் இயலாது.

2022இன் நெருக்கடி இந்தக் கணக்கை இன்னும் இறுக்கிவிட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். பிறகு கொஞ்சம் இறங்கியது உண்மைதான். ஆனாலும் பழைய மாதிரி ஒரு மூலையில் பிள்ளைகளை இருக்கவிட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொடுக்கும் மனசு இருந்த கடைக்காரர்களுக்கும் அதைச் செய்ய இடமில்லாமல் போய்விட்டது.

ஆகவே வாடகை கட்டாதவர்கள்தான் இதைச் செய்ய முடியும். கொழும்பில் வாடகை கட்டாத பெரிய மண்டபங்கள் யாரிடம் இருக்கின்றன? விகாரைகளிடம், கோயில்களிடம், தேவாலயங்களிடம், பள்ளிவாசல்களிடம், சில சங்கங்களிடம். இதில் எண்ணிக்கையாலும் இடத்தாலும் முதலில் நிற்பவை பௌத்த விகாரைகள். தாய்வான் விகாரைகளில் நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. பதிலைத் தேடினால் பௌத்தத்துக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது.

பௌத்தம் என்றால் மரக்கறி என்று தமிழ் வாசகர்கள் பலர் நினைக்கிறார்கள். இலங்கையில் வாழும் நமக்கு அது அப்படி இல்லை என்று தெரியும். தேரவாத விநயத்தின்படி (இலங்கையில் நிலவும் பௌத்தப் பிரிவின் துறவு விதிகளின்படி) பிக்கு தனக்கு இடப்பட்டதை உண்ண வேண்டும். தனக்காகவே அந்த உயிர் கொல்லப்பட்டதாகக் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயப்பட்டாலோ அந்த இறைச்சியை ஏற்கக்கூடாது. அந்த மூன்றும் இல்லை என்றால் தடை இல்லை. எல்லாப் பிக்குகளும் மரக்கறிதான் உண்ண வேண்டும் என்று புத்தரின் உறவினரான தேவதத்தன் என்ற பிக்கு கேட்டபோது புத்தர் அதை விதியாக்க மறுத்தார் என்றே பாளி மரபு சொல்கிறது. இலங்கைப் பிக்குகளின் சங்கம் இந்த வழியில் வந்தது. பலர் விரும்பி மரக்கறி உண்கிறார்கள், ஆனால் அது கட்டளை இல்லை.

சீனத்தில் பாதை பிரிந்தது. அங்கே பரவிய மகாயானப் பௌத்தப் பிரிவின் நூல்கள் சில இறைச்சியை வெளிப்படையாகக் கண்டிக்கின்றன. அவற்றில் ஒன்றான லங்காவதார சூத்திரம் புத்தர் இலங்கையில் இருந்து போதிப்பதாக அமைந்திருக்கிறது என்பது நமக்குச் சுவையான செய்தி. 6ஆம் நூற்றாண்டில் லியாங் அரசின் பேரரசர் வூ துறவிகளுக்கு இறைச்சியைத் தடைசெய்தார். அங்கிருந்து கொரியா, வியட்நாம் என்று மரக்கறி மடாலயங்கள் பரவின. வெங்காயம், உள்ளி போன்ற ஐந்து காரமான செடிகளையும் விலக்கிச் சமைப்பது கொரியக் கோயிற் சமையலின் அடையாளம். இதைவிட முக்கியமான ஒரு வேறுபாடு, அங்கே துறவிகள் அன்றாடம் பிச்சைக்குப் போவது பெரும்பாலும் நின்றுபோனது. மடாலயமே வயல் வைத்தது, மடாலயமே சமைத்தது. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் பெரிய அடுப்பும், அந்தச் சமையலில் ஊறிய துறவிகளும், உதவிக்கு வரும் தொண்டர்களும் அங்கே நிரந்தரமாக இருந்தார்கள். அப்படிப்பட்ட சமையலறையின் கதவை ஊருக்குத் திறந்துவிட்டால் அது உணவகம். புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

இலங்கை விகாரையில் தானம் வெளியிலிருந்து வருகிறது. இன்று இந்த வீட்டார், நாளை அந்த வீட்டார் என்று முறைவைத்து, சமைத்த சாப்பாட்டைப் பாத்திரங்களில் கொண்டுவந்து பிக்குகளுக்குப் படைப்பார்கள். கொடுக்கும் குடும்பத்துக்கு அது பெரிய புண்ணியம், அந்த உறவு அழகானது. அதனாலேயே விகாரைக்குள் ஊருக்குச் சமைக்கும் அடுக்களை வளர அவசியம் ஏற்படவில்லை. அடுத்தது நேரம். பிக்கு நண்பகலுக்குப் பிறகு திட உணவு உண்பதில்லை. பின்னேரத்தில் கிலன்பச எனப்படும் பானம் மட்டும். மாணவருக்குப் பசி தொடங்குவது பின்னேரம் 4 மணிக்கு. விகாரையின் அடுப்பு அணைந்து அப்போது நான்கு மணித்தியாலம் ஆகிவிட்டிருக்கும். யாருடைய மனக்குறையும் இதற்குக் காரணம் இல்லை. நாளின் ஒழுங்கே வேறாக அமைந்துவிட்டது.

அந்த வெற்றிடத்தைக் கொழும்பில் நிரப்பியது சைவக் கடை. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வரை, தோசை, இடியப்பம், சொதி, சம்பல் என்று மூன்று நேரமும் சாப்பாடு போட்ட கடைகளே இந்த நகரத்தின் மரக்கறிச் சாப்பாட்டுக்கு முகம் கொடுத்தவை. பம்பலப்பிட்டியின் கிரீன்லண்ட்ஸ், சரஸ்வதி போன்ற பெயர்களைச் சொன்னால் சிங்களவரும் முஸ்லிம்களும் தலையசைப்பார்கள். பௌர்ணமிப் போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்க, சில் எடுக்காத (அன்று விகாரையில் விரதம் அனுஷ்டிக்காத) பௌத்தக் குடும்பங்களும் மரக்கறி தேடிச் சைவக் கடைக்கு வருவது உண்டு. பௌத்த நகரம் ஒன்றின் மரக்கறிச் சமையலைப் பெரும்பாலும் தமிழர்கள் செய்துவந்தார்கள் என்பது நமக்குப் பெருமை. அந்தக் கைப்பக்குவம் நாளைக்கு யாராவது மாணவருக்கென ஓர் இடம் தொடங்கினால் உடனே உதவும்.

பௌத்தர்களுக்கு ஊருக்குச் சமைக்கத் தெரியாது என்று இதிலிருந்து முடிவெடுத்தால் அது பெரிய தவறு. வெசாக் வந்தால் பாருங்கள். சந்திக்குச் சந்தி தன்சல். சோறு, கடலை, அவித்த மரவள்ளி, குளிர்பானம், ஐஸ்கிரீம் என்று காசு வாங்காமல் வரிசையில் வரும் எவருக்கும் கொடுப்பார்கள். தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் அந்த வரிசையில் நிற்கின்றன. யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதற்குப் பின்னால் மாதக்கணக்கில் நடக்கும் சேகரிப்பு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிவு, தண்ணீர், பாத்திரம், வரிசை ஒழுங்கு எல்லாம் தெருவின் இளைஞர்கள் தாங்களே செய்வது. இரண்டு நாளுக்கு ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கக்கூடிய ஒரு குழுவால் வாரநாட்களில் 60 பிள்ளைகளுக்குச் சமைக்க முடியாதா? முடியும். அதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை என்பதே நிலைமை என்று நான் நம்புகிறேன். நம்முடைய ஆடிவேல் காலத்துத் தண்ணீர்ப் பந்தலுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் இதையே சொல்லலாம்.

தினசரி நடத்துவதற்கு ஒரு முன்மாதிரி நாட்டிலேயே இருக்கிறது. வடக்கில் அம்மாச்சி என்றும் தெற்கில் ஹெல போஜுன் என்றும் தெரிந்த உணவகங்கள். விவசாயத் திணைக்களத்தின் முயற்சி அது. கட்டடம் அரசு தருகிறது. பெண்கள் தங்கள் கையால் பாரம்பரிய மரக்கறி உணவு சமைத்துத் தாங்களே விற்கிறார்கள், வருமானம் அவர்களுக்கே. யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ அம்மாச்சியில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், விலையும் சுவையும் வெளிக்கடையோடு ஒப்பிட முடியாதவை. கொழும்புப் பக்கத்தில் பத்தரமுல்லையில் ஹெல போஜுன் ஒன்று உண்டு. அங்கே மலிவுக்குக் காரணம் ஒன்றுதான்: இடத்துக்கான செலவு சமைப்பவரின் தலையில் விழவில்லை. அதே ஒழுங்கை ஒரு விகாரை மண்டபத்தில் வைத்து, சாப்பிடும் மேசையையே படிக்கும் மேசையாக விட்டால் நாம் தேடும் இடம் கிடைத்துவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று நான்கு பேருக்கு வருமானமும் ஆகும்.

ஏன் மரக்கறியாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மலிவு ஒரு காரணம், ஆனால் கோழி முட்டையும் சில நாட்களில் மலிவுதான். எனக்கு முக்கியமாகப் படுவது பொது மேசை. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் சைவப் பிள்ளை, போயாவுக்கு சில் எடுக்கும் பௌத்தப் பிள்ளை, தவக்காலத்தில் இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்கப் பிள்ளை, ஹலால் பார்க்கும் முஸ்லிம் பிள்ளை, நால்வரும் கேள்வி கேட்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக்கூடியது சோறும் பருப்பும் கீரையும்தான். கொழும்பின் தமிழ் மொழி மூல மாணவர்களில் முஸ்லிம் பிள்ளைகள் பெரும் பங்கு. அவர்கள் தயங்காமல் உள்ளே வர வேண்டும். ஆகவே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டிறைச்சிக்கு எதிரான பேச்சு இந்த நாட்டில் பல தடவை முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சாகத் திரும்பியிருக்கிறது. படிக்கும் மண்டபத்தின் சுவரில் அந்த வாடை அடிக்கக்கூடாது. இங்கே மரக்கறி சமைப்பது எல்லோரையும் ஒரே பந்தியில் இருத்துவதற்காக. வேறொருவரின் அடுப்பைக் குறை சொல்வதற்காக இல்லை.

என்ன சமைப்பது? இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நல்ல மனதோடு தொடங்கும் இடங்கள் பல பாணும் சீனித் தேத்தண்ணியும் கொடுத்துத் திருப்திப்பட்டுவிடுகின்றன. பின்னேரம் 5 மணிக்கு வயிறு நிறையச் சோறு போட்டால் 6 மணிக்குப் பிள்ளை புத்தகத்தில் தலைவைத்துத் தூங்கும். வந்ததும் அவித்த கடலையோ பயறோ, தேங்காய்ப்பூவோடு ஒரு கிண்ணம் போதும். இலைக்கஞ்சி கொடுக்கலாம், கொலகெந்த என்று காலையில் எல்லோரும் குடிப்பது, பின்னேரத்தில் குடித்தால் கெடுதல் ஒன்றுமில்லை. 8 மணிக்குப் பிறகு முறையான சாப்பாடு: சிவப்பரிசிச் சோறு அல்லது இடியப்பம், பருப்பு, ஒரு கீரைச் சுண்டல், ஒரு மரக்கறி, கிழமைக்கு இரண்டு நாள் சோயாமீற். பலாக்காய்க் காலத்தில் பொலொஸ் கறி. இதில் எதுவும் இலங்கைச் சமையலறைக்குப் புதிது இல்லை, விலையுயர்ந்த பொருளும் இல்லை.

தேத்தண்ணி விஷயத்தில் மட்டும் நம் பழக்கத்தை மாற்ற வேண்டும். மரக்கறியிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேயிலை நன்றாகவே குறைத்துவிடுகிறது. சாப்பிட்டவுடன் பிளேன்டீ குடிக்கும் பழக்கம், ஏற்கனவே இரத்தச்சோகைக்கு ஆளாகும் வயதில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு நல்லதில்லை. ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிக்கலாம். கீரையில் தேசிக்காய்ப் புளி விட்டால் அதே இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். இரவு 9 மணிக்குக் குடித்த கோப்பியின் கஃபீன் பாதி குறையவே சுமார் 5 மணித்தியாலம் எடுக்கும். பிள்ளை நள்ளிரவில் படுத்தாலும் நித்திரை வராது. ஆகவே இரவு 7 மணிக்குப் பிறகு கோப்பி வேண்டாம், மல்லித்தண்ணி கொடுங்கள்.

இடங்களைப் பற்றி யோசித்தால் தமிழர் செறிந்த இரண்டு பகுதிகளிலும் பெயர்பெற்ற விகாரைகள் இருக்கின்றன. பம்பலப்பிட்டியில் வஜிராராமய. நாரத தேரர் போன்ற அறிஞர்கள் இருந்து உலகமெங்கும் நூல்களால் அறியப்பட்ட இடம், படிப்புக்கு மரியாதை உள்ள விகாரை. கொட்டாஞ்சேனையில் தீபதுத்தாராமய. கிறிஸ்தவப் போதகர்களோடு நடந்த 1873 பாணந்துறை விவாதத்தில் பௌத்தர் தரப்பில் பேசிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த இடம் அது. 1885 வெசாக் அன்று பௌத்தக் கொடி முதன்முதலில் ஏற்றப்பட்ட இடங்களில் ஒன்று. இந்த விகாரைகள் இதைச் செய்ய வேண்டும் என்று நான் கட்டளையிட முடியாது, அவற்றின் ஒழுங்கு அவற்றுக்கு. சொல்ல வருவது வேறு. ஞாயிற்றுக்கிழமை தஹம் பாடசாலைக்கு (பௌத்த அறநெறி வகுப்புக்கு) நிரம்பும் மண்டபங்கள் வாரநாள் மாலைகளில் பல விகாரைகளில் வெறுமையாக இருக்கின்றன. கதிரை, மேசை, மின்விசிறி, கழிப்பறை எல்லாம் ஏற்கனவே அங்கே உண்டு. வணக்கத் தலங்களுக்கும் தரும நிறுவனங்களுக்கும் மின்சாரத்தில் தனிக் கட்டண வகையும் உண்டு. அந்தக் கட்டணமும் கடந்த ஆண்டுகளில் ஏறியதால் மாணவருக்கான மின்சாரச் செலவை யாராவது பொறுப்பேற்பதுதான் முறை. பழைய மாணவர் சங்கங்களுக்கு இது பெரிய தொகை இல்லை.

தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு தயக்கம் இருக்கும், அதை மூடிவைத்துப் பேசுவதில் பயனில்லை. 1983 ஜூலையைக் கண்ட குடும்பங்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்னும் இருக்கின்றன. இருட்டிய பிறகு பிள்ளையை விகாரைக்கு அனுப்புவது என்றால் ஒரு அம்மம்மாவின் நெஞ்சு ஒரு கணம் அடிக்கத்தான் செய்யும். மதம் மாற்றுவார்களோ என்ற பயமும் வரும். மண்டபத்துக்குள் பிரசங்கம் இல்லை, அறிவித்தல் எல்லாம் தமிழிலும் உண்டு, பொறுப்பாக நிற்பவர்களில் ஒரு தமிழ் அம்மாவும் இருக்கிறார் என்றால் அந்தப் பயம் மெல்லக் குறையும். இன்னொரு வழி, முதலில் நம் இடங்களில் தொடங்குவது. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன், தமிழ்ச் சங்கம், கோயில்களின் கல்யாண மண்டபங்கள் இவை மாலை நேரத்தில் மேசைகளைத் திறந்துவிட்டு, அதே கதவைச் சிங்களப் பிள்ளைக்கும் திறந்துவைத்தால், விகாரையின் கதவைத் தட்டுவதற்கு நாமும் உரிமையோடு போகலாம். பௌத்தர்கள்தான் செய்ய வேண்டும் என்று காத்திருக்க இதில் ஒன்றுமில்லை.

பெண் பிள்ளைகள் வீடு திரும்புவதும் இதில் சேர்ந்த விஷயம். காலி வீதியில் 100, 101 பஸ்கள் இரவிலும் ஓடுகின்றன. மட்டக்குளிப் பக்கம் போகும் பிள்ளைக்கு 9 மணிக்குப் பிறகு காத்திருப்பது கஷ்டம். ஆகவே நகரத்துக்கு ஒரே பெரிய நிலையம் என்பதைவிட, நடந்து போகும் தூரத்தில் 30 கதிரையோடு சின்னச் சின்ன இடங்களே நல்லது. 9 மணிக்கு மூடி, ஒரே பக்கம் போகிறவர்களைச் சேர்த்து அனுப்பினால் பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள்.

எப்போது தொடங்குவது என்பதற்கு ஏ.எல். கால அட்டவணையே வழி காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் பரீட்சைக்குச் சில நாட்கள் முன்னதாகப் பரீட்சைத் திணைக்களம் டியூஷன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் தடைசெய்கிறது. அதுவரை பகல் முழுக்க வகுப்பு மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் அந்த நாட்களில் வீட்டுக்குள் முடங்குகிறார்கள், கதிரை அதிகம் தேவைப்படும் நாட்களும் அவைதான். 2024இல் நவம்பர் கடைசியில் வெள்ளத்தால் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டபோது, நனைந்த வீடுகளில் இருந்த பிள்ளைகள் புத்தகத்தை எங்கே வைத்துப் படிப்பது என்று தவித்தார்கள். நவம்பரில் பரீட்சை வரும் ஆண்டுகளில் இன்னொரு வசதி சேர்கிறது. பிக்குகளின் மழைக்கால வாசமான வஸ் முடிந்து, அவர்களுக்குச் சீவர ஆடை வழங்கும் கட்டின பிங்கம விகாரைகளில் நடக்கும் மாதம் அது; தொண்டர்கள் கூடியிருப்பார்கள், அரிசி பருப்பு தானமாக வந்து குவியும். நமக்கும் கந்தசஷ்டி அந்தக் காலத்தை ஒட்டியே வருகிறது, கோயில் அடுப்புகளும் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே முதல் தடவையாக ஒரு விகாரையும் ஒரு கோயிலும் சேர்ந்து பரீட்சைக்கு முந்திய 10 நாட்களுக்கு மட்டும் நடத்திப் பார்க்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மண்டபத்துக்குள் எந்த ஆசிரியரும் பாடம் சொல்லக்கூடாது, யாரும் வினாத்தாள் பங்கிடக்கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே உறுதியாக வைக்க வேண்டும். பிள்ளை தன் குறிப்பைத் தானே இருந்து படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.